ரோலா கோலா மிட்டாய் ஏன் நின்றது, எப்படித் திரும்பியது

காரிமங்கலத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். தாம் ஐந்தாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்துக்கு எதிரிலிருந்த பெட்டிக்கடையில் வாங்கித் தின்ற ரோலா கோலா மிட்டாயை நிறுவனம் ஏன் நிறுத்தியது, கோகோ கோலாக்காரர்கள் வழக்குப் போட்டதால்தான் நின்றது என்கிறார்களே அது உண்மையா, இப்போது அது திரும்ப வந்துவிட்டதாமே, அது பழைய மிட்டாய்தானா என்பவை அக்கேள்விகள். தர்மபுரியில் மிட்டாயும் பிஸ்கட்டும் மொத்தமாக விற்ற ஒரு கடையில் 1992 முதல் பதினேழு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். ஒரு மிட்டாய் வருவதும் ஓடுவதும் தேய்வதும் நிற்பதும் குழந்தைகளின் நாக்குக்குத் தெரிவதற்கு முன்னால் சரக்குப் புத்தகத்துக்குத் தெரிந்துவிடும். ஆகவே, நான் சொல்லப்போவதில் பாதி எல்லோரும் அறிந்த செய்தி. மறுபாதி அந்தப் புத்தகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தவனுடைய கணிப்பு. எது செய்தி, எது கணிப்பு என்பதை ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன்.

ரோலா கோலா பார்லே புராடக்ட்ஸ் நிறுவனத்தின் சரக்கு. பார்லே என்றால் நம் பக்கத்தில் பிஸ்கட்தான் நினைவுக்கு வரும். மஞ்சள் உறை போட்ட பார்லே-ஜி இல்லாத டீக்கடையை மொரப்பூரிலிருந்து ஏரியூர் வரை தேடினாலும் காண்பது அரிது. ஆனால் அந்த நிறுவனம் மிட்டாய்க்காகப் பிறந்தது. 1929இல், சுதேசி உணர்வு ஓங்கியிருந்த நாளில், கப்பலில் வந்திறங்கிய வெளிநாட்டு மிட்டாய்களுக்கு மாற்றாக உள்நாட்டிலேயே மிட்டாய் செய்யலாம் என்று மோகன்லால் தயாள் சவுகான் பம்பாயின் புறத்தேயிருந்த விலே பார்லேயில் ஆலை வைத்தார். ஊரின் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. பிஸ்கட் வந்தது அதற்குச் சுமார் பத்தாண்டுகள் கழித்துத்தான். அறுபதுகளில் கிஸ்மியும் பாப்பின்ஸும், எண்பதுகளில் மெலடியும் மேங்கோ பைட்டும் வந்தன. இந்த வரிசையில் சேர்ந்த ரோலா கோலா, வட்ட வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காகிதத்தில் சுருட்டிய உருளை வடிவத்தையும் கோலாச் சுவையையும் சேர்த்துப் பெயராக்கிக்கொண்ட மிட்டாய். எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் அதை முழுப்பெயர் சொல்லிக் கேட்டதாக நினைவில்லை. "கோலா மிட்டாய் ரெண்டு டப்பா" என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அப்படியே எழுதிக்கொள்வோம்.

அந்தச் சுவைக்கு ஏன் அவ்வளவு மவுசு இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பங்குகளை இந்தியர்களுக்கு விட்டுக்கொடுக்க மறுத்து, ஜனதா ஆட்சிக் காலத்தில், 1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போயிற்று. அந்த இடத்தை நிரப்ப அரசு நிறுவனமான மாடர்ன் ஃபுட் இண்டஸ்ட்ரீஸ் டபுள் செவன் என்ற பானத்தையும், பியூர் டிரிங்க்ஸ் நிறுவனம் கேம்ப்பா கோலாவையும், பார்லே குடும்பத்தின் இன்னொரு கிளை தம்ஸ் அப்பையும் கொண்டுவந்தன. பெப்சி 1990இலும் கோகோ கோலா மறுபடியும் 1993இலும் வந்தன. பெருநகரங்களில் இது பெரிய போர். நம் மாவட்டத்தில் கோலா என்பது விருந்தாளிக்கு வாங்கும் பொருள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால் பையனைச் சைக்கிளில் அனுப்பி நான்கு பாட்டில் வாங்கிவரச் சொல்வார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும் வரை கடைக்காரர் முன்பணத்தைப் பிடித்துக்கொள்வார். வாங்கிவந்த பையனுக்குக் கிடைப்பது பெரியவர்கள் குடித்து மிச்சம் வைத்த ஒரு வாய் மட்டுமே. அவனுக்கென்று இருந்தவை கோலி சோடாவும் கலரும். சில கடைகளில், 1916இல் தொடங்கப்பட்ட காளிமார்க்கின் பொவண்டோவும் உண்டு. அப்படிப்பட்ட பையனுக்கு, பாட்டில் விலையில் ஒரு சிறு பங்குக்கு, பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும் கவலையும் இல்லாமல், அந்தக் கோலாவின் வாசம் நாக்கில் அரை மணி நேரம் நிற்கிறது என்றால் அதை அவன் விடுவானா? அந்த மிட்டாய் விற்றது சர்க்கரையால் மட்டுமன்று, கிடைக்காத பாட்டிலின் நினைப்பாலும்தான் என்பது என் எண்ணம்.

இனி வழக்குக் கதைக்கு வருகிறேன். இது எப்படிப் பிறந்திருக்கும் என்பதை ஊகிப்பது எளிது. பார்லே என்ற பெயர் பொதுவாக இருந்தாலும் சவுகான் குடும்பத்தின் தொழில்கள் தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்துவிட்டன. பிஸ்கட்டும் மிட்டாயும் செய்யும் பார்லே புராடக்ட்ஸ் ஒன்று. பிஸ்லெரி, தம்ஸ் அப், கோல்டு ஸ்பாட் ஆகியவற்றை வைத்திருந்த ரமேஷ் சவுகானின் கிளை வேறு. ஃப்ரூட்டி விற்கும் பார்லே ஆக்ரோ வேறு. 1993இல் ரமேஷ் சவுகான் தம்ஸ் அப் முதலிய பானங்களைக் கோகோ கோலாவுக்கு விற்றார். "பார்லேயைக் கோகோ கோலா வாங்கிவிட்டது, இனி கோலா என்ற பெயரில் பார்லே எதுவும் விற்க முடியாது" என்று அப்போதே எங்கள் கடைக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவரே உறுதியாகச் சொன்னார் என்றால், வாடிக்கையாளரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆனால் ஆண்டைப் பாருங்கள். பானங்கள் கைமாறியது 1993இல். ரோலா கோலா நின்றது 2006இல். நடுவே பதின்மூன்று ஆண்டுகள் அது கடைகளில் இருந்தது. கோலா என்ற சொல்லும் ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்து அன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் ஒரு மரத்தின் விதைக்கு வழங்கும் பெயர் அது. அதிலிருந்து ஒரு சுவைக்கும் பானத்துக்கும் பொதுப்பெயர் ஆயிற்று. கேம்ப்பா கோலா அதே பெயரோடு பல ஆண்டுகள் விற்றதை நாம் பார்த்திருக்கிறோம். 2019இல் ரோலா கோலா அதே பெயரில் திரும்பி வந்ததே போதும், பெயர் அதன் இடையூறு அல்ல என்பதற்கு. ஆகவே இரண்டாவது கேள்விக்கு என் விடை, அந்தக் கதையை விட்டுவிடலாம் என்பதே.

ஏன் நின்றது என்பதற்கு அந்த மிட்டாயின் உடம்பிலிருந்தே தொடங்க வேண்டும். கெட்டி மிட்டாய் எதுவாயினும் அடிப்படை ஒன்றே: சர்க்கரையையும் திரவக் குளுக்கோசையும் நீரில் கரைத்து ஏறக்குறைய 145, 150 பாகை வரை கொதிக்கவிட்டு, நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு ஈரமே மிஞ்சும்படி இறுக்க வேண்டும். குளுக்கோஸ் சேர்க்காவிட்டால் பாகு ஆறியதும் சர்க்கரை மறுபடி படிகமாகப் பூத்து, மிட்டாய் கண்ணாடி போலிராமல் கற்கண்டு போல் மணல்மணலாகிவிடும். குளுக்கோஸ் வருவது மாவுப்பொருளிலிருந்து. பெரும்பாலும் மக்காச்சோளம், நம் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் குச்சிக்கிழங்கு மாவும் அதற்கு உதவும். கோலா வாசனை என்பது எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்கள், லவங்கப்பட்டை, ஜாதிக்காய், வெனிலா ஆகியவற்றின் கலவை. பானத்தில் புளிப்பைக் கொடுப்பது பாஸ்பாரிக் அமிலம். மிட்டாயில் வழக்கமாகச் சேர்ப்பது சிட்ரிக் அமிலம். இந்த அமிலம்தான் தொல்லை. பாகு கொதிக்கும்போதே அதைப் போட்டால் சர்க்கரை உடைந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் வேறு வகைச் சர்க்கரையாகிவிடும். அதனால் பாகு இறங்கிச் சற்று ஆறியபிறகே அதைச் சேர்த்துப் பிசைவார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும், புளிப்பு மிட்டாய் பால் மிட்டாயைவிடச் சீக்கிரம் பிசுபிசுக்கும் என்பது தொழிலில் உள்ள அனைவரும் அறிந்தது.

தனித்தனியாக உறை முறுக்கிய மிட்டாயில் ஒன்று இளகினால் அந்த ஒன்றோடு போகும். உருளையில் அப்படியல்ல. வில்லைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் ஒரு முனையில் காகிதம் கொஞ்சம் பிரிந்து ஈரம் புகுந்தால் முழு அடுக்கும் ஒட்டிக்கொள்ளும். இதை நான் கண்ணால் பார்த்தது வேறொரு சிறு கம்பெனியின் புளிப்பு உருளை மிட்டாயில். அதன் பெயர் இங்கே வேண்டாம். ஓர் ஐப்பசி மாதம், பென்னாகரம் லைனுக்குப் போன வண்டியில் நானும் பாக்கி வசூலுக்காகப் போயிருந்தேன். பெரும்பாலைக்கு அந்தப் பக்கம், ஓட்டுச் சார்ப்பின் கீழ் கடை வைத்திருந்த ஒரு பாட்டி, டப்பாவிலிருந்து ஓர் உருளையை எடுத்துக் காகிதத்தை உரித்துக் காட்டினார். வில்லைகளின் கோடுகள் மறைந்து, விரல் நீளத்துக்கு ஒரே குச்சியாக உறைந்திருந்தது. உரித்த காகிதம் பாதி அதன்மேலேயே ஒட்டிக்கொண்டது. "ஏன் சாமி, இது முட்டாயா, கம்பியா? நீயே ஒடிச்சுக் குடு பாக்கலாம்" என்றார். நான் முயன்றேன், ஒடியவில்லை. பன்னிரண்டு உருளைகளை டேமேஜ் என்று எழுதித் திரும்ப எடுத்துக்கொண்டோம். கம்பெனி அதில் பாதிக்கு மட்டுமே ஈடு கொடுத்தது, மீதி எங்கள் முதலாளியின் கணக்கில் விழுந்தது. ரோலா கோலாவின் உறை அதைவிட நேர்த்தியானது என்பதைச் சொல்லியாக வேண்டும். இருந்தாலும், இத்தகைய அனுபவம் இரண்டு மூன்று வாய்த்த கடைக்காரர் மழைக்காலத்தில் எந்த உருளை மிட்டாயையும் கை நீட்டி வாங்க யோசிப்பார். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் கடை போடுபவர்கள் ஆற்றங்கரையின் ஈரத்துக்குப் பயந்து ஜாடி மிட்டாயை மட்டுமே கேட்பார்கள்.

அப்படியானால் அதே நிறுவனத்தின் பாப்பின்ஸ் எப்படிப் பிழைத்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாப்பின்ஸ் உருளையில் ஒவ்வொரு வில்லையும் ஒவ்வொரு நிறம். அடுத்தது சிவப்பா பச்சையா என்று பார்ப்பதே குழந்தைக்கு விளையாட்டு. நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டால் யாருக்கு எந்த நிறம் என்று ஒரு சண்டையும் நடக்கும். அங்கே உருளைக்கு ஒரு வேலை இருக்கிறது. ரோலா கோலாவில் முதல் வில்லையும் கடைசி வில்லையும் ஒன்றே. வில்லைகளைச் சேர்த்துச் சுருட்டியதற்கு வாங்குபவன் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணமே இல்லை. நெஸ்லேயின் போலோவும் ஒரே சுவை உருளைதானே என்றால், அது பாகு காய்ச்சிச் செய்வதன்று, பொடியை அழுத்திச் செய்யும் வில்லை, ஒட்டாது. வாங்குபவர்களும் சட்டைப்பையில் வைத்து நாள் முழுவதும் ஒவ்வொன்றாகச் சப்பும் பெரியவர்கள்.

ஈரம் ஒரு காரணம் என்றால், அதைவிடப் பெரிய காரணம் சில்லறை. மிட்டாய் வியாபாரத்தில் விலையை நிர்ணயிப்பது நாணயம். சர்க்கரை விலை எடையைத்தான் நிர்ணயிக்கிறது. அரிசி கிலோ 18 ரூபாயிலிருந்து 19 ஆகலாம். பத்துக் காசு மிட்டாய் பதினொரு காசு ஆக முடியாது, ஏனென்றால் பதினொரு காசுக்கு யாரிடமும் நாணயம் இல்லை. ஆகவே ஒரு மிட்டாய் ஒரு நாணயத்தைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை தாக்குப்பிடிக்கும். முடியாதபோது ஒரே தாவலில் அடுத்த நாணயத்துக்குப் போக வேண்டும், இல்லையேல் இளைக்க வேண்டும். நான்கு கிராம் மிட்டாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை கிலோ 20 ரூபாய் என்றால் அதில் சர்க்கரைக்கான செலவு 8 காசு. 40 ரூபாய் ஆனால் 16 காசு. ஐம்பது காசுக்கு விற்கும் பொருளில் இந்த எட்டுக் காசு ஏற்றம் சிறிதாகத் தோன்றும். ஆனால் அந்த ஐம்பது காசுக்குள்தான் உறை, வாசனை, கூலி, வரி, லாரி, ஸ்டாக்கிஸ்ட் பங்கு, கடைக்காரர் பங்கு ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். கடைக்காரர் தம் பங்கில் ஒரு காசு குறைந்தாலும் ஜாடியைப் பின் தட்டுக்குத் தள்ளிவிடுவார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேயே தர்மபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியிருந்த கடைகளில் பத்துக் காசு, இருபது காசு வாங்க மறுத்தார்கள்; பிறகு கால் ரூபாயும் அதே கதிக்கு வந்தது. அரசு 25 காசையும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று அறிவித்தபோது எங்களுக்கு அது பழைய செய்தி. கடைவீதி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவற்றைச் செல்லாதவையாக்கிவிட்டிருந்தது. இந்த நாணயத் தட்டுப்பாடு சில மிட்டாய்களைக் கொன்றது, சிலவற்றை வாழவைத்தது. மளிகைக்கடையில் 19 ரூபாய் 50 காசுக்குப் பொருள் வாங்கி 20 ரூபாய் கொடுத்தால், மீதிக்குக் கடைக்காரர் ஒரு மிட்டாயைத் தூக்கிப் போடுவார். மருந்துக்கடையிலும் இதே வழக்கம். இத்தாலிய நிறுவனமான பெர்ஃபெட்டி 1994இல் இந்தியாவில் கால் வைத்து, 1995இல் ஆல்பென்லீபேயைக் கொண்டுவந்து, ஒற்றை ஒற்றையாக உறையிட்டு ஜாடியில் நிரப்பி விற்றது. அது குழந்தை கேட்டு வாங்கியதால் மட்டும் ஓடவில்லை. கேட்காதவர் கையிலும் சில்லறையாக விழுந்தது. எங்கள் கடையில் மாதக் கணக்குப் போடும்போது, மளிகைக்கடைகள் வாங்கிய ஜாடிகள் பள்ளிக்கூடத்துப் பெட்டிக்கடைகள் வாங்கியவற்றைவிட அதிகமாக இருந்த மாதங்கள் உண்டு. ஓர் உருளையை இப்படி ஐம்பது காசுப் பாக்கிக்குக் கொடுக்க முடியுமா? பிரித்து ஒரு வில்லையை எடுத்துக் கொடுத்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார். மிச்சம் ஈரத்தில் கெடும். சில்லறையாக மாற முடிந்த மிட்டாய் வளர்ந்தது, முடியாதது தேய்ந்தது. ரோலா கோலாவைத் தேயவைத்த காரணங்களில் முதலாவதாக நான் வைப்பது இதைத்தான்.

சர்க்கரையும் சரியான நேரத்தில் காலை வாரியது. 2003-04, 2004-05 ஆகிய இரு பருவங்களிலும் நாட்டின் சர்க்கரை உற்பத்தி வெகுவாகச் சரிந்தது. நம் பக்கத்தில் மழை பொய்த்ததில் பாலக்கோடு கூட்டுறவு ஆலைக்கும் கோபாலபுரத்திலுள்ள சுப்பிரமணிய சிவா ஆலைக்கும் கரும்பு போவது குறைந்ததை நாமே பார்த்தோம். விலை ஏறும்போது எந்த மிட்டாய் நிறுவனமும் முதலில் செய்வது, நன்றாக ஓடும் நான்கு பொருளை வைத்துக்கொண்டு மெதுவாக ஓடும் ஐந்தாவதை நிறுத்துவதுதான். ஒவ்வொரு சுவைக்கும் தனி அச்சு, தனி உறைச்சுருள், தனி இருப்பு என்று பணம் முடங்கும். மேங்கோ பைட்டும் மெலடியும் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருக்கும் வீட்டில், மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இடம் சுருங்குவது இயல்பு. பாட்டில் கோலாவும் அதற்குள் அரிய பொருளாக இல்லை. 2003 வாக்கில் கோகோ கோலா 200 மில்லி பாட்டிலை ஐந்து ரூபாய்க்கு விற்று, சிற்றூர்ப் பெட்டிக்கடைகளிலும் குளிர்ப்பெட்டிகளை வைத்தது. அசலே ஐந்து ரூபாய்க்குக் கையில் கிடைக்கும்போது அதன் நினைப்பை விற்ற மிட்டாய்க்கு என்ன வேலை? 2006இல் பார்லே அதை நிறுத்தியது. எங்கள் புத்தகத்தில் அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே அது மாதம் ஒருமுறை எழுதும் சரக்காகிவிட்டிருந்ததால், நின்றதைக் கூட யாரும் வந்து விசாரிக்கவில்லை.

ஒரு மிட்டாய்க்கு நிற்பது மட்டுமே முடிவு அன்று. கைமாறிப் போவதும் உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களுக்கும் நெருங்கிய இரண்டு பெயர்கள் அவ்வழியே போயின. சித்தூரில் 1952இல் வெங்கடராம ரெட்டி தொடங்கிய நியூட்ரின், ஆந்திரத்து நிறுவனமாயினும் கிருஷ்ணகிரிக்கு உள்ளூர்ச் சரக்கு போலத்தான். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக லாரி காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் வந்துவிடும். மகா லாக்டோவைச் சப்பாத பிள்ளை அந்நாளில் இல்லை. 2006இல், அதாவது ரோலா கோலா நின்ற அதே ஆண்டில், நியூட்ரினைக் கோத்ரெஜ் வாங்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஹெர்ஷே அதில் கூட்டுச் சேர்ந்தது. 2012இல் முழுவதும் ஹெர்ஷே வசமாயிற்று. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையை ஒட்டிப் பிறந்த பாரி மிட்டாய் 2004இல் கொரியாவின் லோட்டேவுக்குப் போயிற்று; காபி பைட் இன்றும் விற்கிறது, உறையில் நிறுவனத்தின் பெயர்தான் வேறு. மகாராஷ்டிரத்தில் 1942 முதல் மிட்டாய் செய்துவந்த ராவல்காவின் பான் பசந்த், மேங்கோ மூட் முதலிய பெயர்களை 2024 பிப்ரவரியில் ரிலையன்ஸ் 27 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதே ரிலையன்ஸ் 2022இல் கேம்ப்பாவையும் வாங்கி மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறது. பழைய பெயர் என்பது மூடிய ஆலையின் இரும்பைவிட விலை போகும் சரக்கு என்பதைப் பெரிய நிறுவனங்கள் கண்டுகொண்டுவிட்டன.

ரோலா கோலா திரும்பிய கதை இதில் சேராதது. அதை எவரும் வாங்கவில்லை, கேட்டார்கள். 2019இன் தொடக்கத்தில் ட்விட்டரில் ஒருவர் அந்த மிட்டாயைத் திரும்பக் கொண்டுவரும்படி பார்லேயைக் கேட்டார். பத்தாயிரம் பேர் அதைப் பகிர்ந்தால் யோசிப்போம் என்று நிறுவனம் விளையாட்டாகச் சொன்னது. பத்தாயிரம் தாண்டிவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அவ்வாண்டு அக்டோபரில், பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின் பார்லே அதை மறுபடி வெளியிட்டது. கேட்டவர்கள் யார் என்று பாருங்கள்: தொண்ணூறுகளில் பெட்டிக்கடையில் நின்ற பிள்ளைகள், இப்போது சம்பளம் வாங்குபவர்கள். அவர்கள் அதை வாங்குவார்கள், படம் எடுப்பார்கள், பிள்ளைக்கு ஒன்று கொடுப்பார்கள். அடுத்த வாரமும் வாங்குவார்களா என்பதே வியாபாரத்தின் கேள்வி. தினமும் மிட்டாய் வாங்கும் கூட்டம் பள்ளி வாசலில் நிற்கிறது. அந்தக் கூட்டத்துக்கு 2015இல் டி.எஸ். குழுமம் ஒரு ரூபாய்க்குக் கொண்டுவந்த பல்ஸ், உள்ளே உப்பும் காரமும் புளிப்புமாக வேறு வகை நாக்கைப் பழக்கிவிட்டிருந்தது. மாவடுவும் மாங்காய்க் கீற்றில் உப்பு மிளகாயும் தின்று வளர்ந்த கிருஷ்ணகிரிப் பிள்ளைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை; போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் அதைப் போல வேறு பெயர்களில் வந்தவையே அரை டஜன் இருக்கும். ரோலா கோலா திரும்பி ஐந்து மாதத்தில், 2020 மார்ச்சில், ஊரடங்கு வந்து பள்ளி வாசல்கள் மூடிக்கொண்டன. சில்லறைப் பாக்கிக்கு மிட்டாய் கொடுக்கும் பழக்கமும் கைப்பேசியில் காசு அனுப்பும் வசதி வந்தபின் குறைந்துவிட்டது. 19 ரூபாய் 50 காசை அப்படியே அனுப்பலாம் என்றாகிவிட்டால் ஜாடிக்குள் கை போட வேண்டிய அவசியம் கடைக்காரருக்கு இல்லை.

மூன்றாவது கேள்விக்கு, அது பழைய மிட்டாய்தானா என்பதற்கு, என் நாக்கின் சாட்சியத்தைத்தான் தர முடியும். பெயரும் நிறுவனமும் அதுவே, சுவையின் வகையும் அதுவே. என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்தபோது வாங்கிவந்தான். நான் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், அவனும் போட்டுப் பார்த்தான். எனக்கு லவங்கப்பட்டை வாசம் முன்பைவிட மெலிந்ததாகப் பட்டது. அவன், "மாமா, இது பாட்டில் கோலா மாதிரியே இல்லையே" என்றான். எங்கள் இருவர் பேச்சும் சரிதான். நான் பழைய மிட்டாயோடு ஒப்பிட்டேன், அவன் பானத்தோடு ஒப்பிட்டான். என் வயதுப் பிள்ளைகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பானமே கையில் இருந்ததில்லை.

காரிமங்கலத்தில் எங்காவது ஒரு கடையில் அது கண்ணில் பட்டால், வாங்குமுன் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். உறையின்மேல் விரலால் இலேசாக அழுத்தி நகர்த்திப் பாருங்கள். மிட்டாய் உறைக்குள் தனியாக அசைந்தால் ஈரம் புகவில்லை, தாராளமாக வாங்கலாம். உறையும் சேர்ந்தே நகர்ந்தால் ஒட்டிவிட்டது என்று பொருள், அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.